நூற்று ஐந்தை 1005 என்று எழுதும் பிள்ளைக்கு எப்படிச் சொல்லிக்கொடுப்பது?

தலவாக்கலைப் பக்கத்துத் தோட்டமொன்றிலிருந்து ஒரு தாய் கேட்டிருக்கிறார். மகன் தரம் 3இல் படிக்கிறான். "நூற்று ஐந்து" என்று சொன்னால் 1005 என்று எழுதுகிறான். 34ஐப் பத்தால் பெருக்கச் சொன்னால் பின்னால் ஒரு பூச்சியம் போட்டு 340 என்று சரியாக எழுதிவிடுகிறான். ஆனால் அந்த 340இல் எத்தனை பத்துகள் இருக்கின்றன என்று கேட்டால் "நான்கு" என்கிறான். "இவனுக்குக் கணக்கே வராதோ என்று பயமாக இருக்கிறது. வீட்டில் நான் என்ன செய்யலாம்?" என்பது அவருடைய கேள்வி.

சகோதரி, பயப்பட ஒன்றுமில்லை. மலையகப் பாடசாலைகளில் ஆரம்பப் பிரிவுக்குக் கணிதம் கற்பித்தவள் என்ற முறையில் உறுதியாகச் சொல்கிறேன்: உங்கள் மகன் காதால் கேட்டதை அப்படியே எழுதுகிறான். "நூறு" என்று கேட்டது, 100 எழுதினான். "ஐந்து" என்று கேட்டது, பக்கத்தில் 5 எழுதினான். 1005 வந்துவிட்டது. கவனமில்லாத பிள்ளை இப்படி எழுதமாட்டான். கவனமாகக் கேட்கிற பிள்ளைதான் எழுதுவான். அவனுக்கு இன்னும் பிடிபடாதது ஒன்றுதான். எண்ணை எழுதும்போது "நூறு" என்ற பெயரை நாம் எழுதுவதில்லை. 1 நிற்கிற இடமே அந்தப் பெயரைச் சொல்கிறது. இதைத்தான் இடப்பெறுமானம் என்கிறோம். நீங்கள் சொன்ன மூன்று விஷயங்களும் இந்த ஒரே முடிச்சிலிருந்து வருபவை.

உங்கள் மகன் எழுதுகிற முறையில்தான் நம் முன்னோரும் எழுதினார்கள். பழைய தமிழ் இலக்கங்களில் ஒன்று முதல் ஒன்பது வரை உள்ள குறிகளோடு பத்துக்கு ௰, நூறுக்கு ௱, ஆயிரத்துக்கு ௲ என்று தனிக் குறிகள் இருந்தன. நூற்று ஐந்தை ௱௫ என்று எழுதினார்கள்: நூறு, பக்கத்தில் ஐந்து. முந்நூற்று நாற்பத்தைந்து ௩௱௪௰௫ ஆகும்: மூன்று நூறு, நான்கு பத்து, ஐந்து. வாயால் சொல்லும் வரிசையே எழுத்தின் வரிசை. அந்த முறைக்குப் பூச்சியம் தேவைப்படவில்லை, ஏனென்றால் பத்துகள் இல்லையென்றால் ௰ என்ற குறியையே எழுதாமல் விட்டுவிடலாம். சிங்களத்திலும் இப்படி ஒரு பழைய இலக்க முறை இருந்தது. 10, 20, 30 என்று ஒவ்வொன்றுக்கும் தனிக் குறி, 100க்கும் 1000க்கும் தனிக் குறி, பூச்சியம் கிடையாது. 1815 மார்ச் 2ஆம் திகதி கண்டியில் கைச்சாத்தான கண்டி ஒப்பந்தத்தின் சிங்கள வாசகத்தில் பிரிவுகளுக்கு அந்த இலக்கங்களால்தான் எண்ணிட்டிருக்கிறார்கள். நம் மலைநாட்டில் இருநூறு வருடங்களுக்கு முன்புவரை அரச ஆவணங்களில் வழங்கிய முறை அது.

இன்று நாம் எழுதும் முறையில் அந்தக் குறிகள் மறைந்து, இடம் மட்டும் மிஞ்சியிருக்கிறது. குறியை எடுத்துவிட்டால் ௩௱௪௰௫ வெறும் 345 ஆகிறது. ௱௫ மட்டும் சிக்கலாகிறது. ௱ போனதும் 15 என்று எழுதினால் பதினைந்து என்று ஆகிவிடும். நடுவில் "இங்கே பத்துகள் இல்லை" என்று சொல்ல ஓர் அடையாளம் வேண்டியிருக்கிறது. அதுதான் பூச்சியம். இந்தியக் கணித அறிஞர் பிரம்மகுப்தர் 628ஆம் ஆண்டில் பூச்சியத்தைக் கூட்டவும் கழிக்கவும் விதிகள் எழுதினார். இந்தியாவின் குவாலியரில் 876ஆம் ஆண்டுக் கோயில் கல்வெட்டு ஒன்றில் 270, 50 என்ற எண்கள் நாம் இன்று எழுதுவதுபோலவே பூச்சியத்தோடு வெட்டப்பட்டிருக்கின்றன. இரண்டும் பத்தின் மடங்குகள் என்பதைக் கவனியுங்கள். ஐரோப்பாவில் இந்த இலக்கங்கள் பரவியது 1202இல் இத்தாலியக் கணித அறிஞர் பிபோனாச்சி எழுதிய நூலுக்குப் பிறகுதான். பெரிய நாகரிகங்களே நூற்றாண்டுக் கணக்கில் எடுத்துக்கொண்ட விஷயத்தை எட்டு வயதுப் பிள்ளை ஒரு தவணையில் பிடித்துக்கொள்ள வேண்டும் என்று நாம் எதிர்பார்க்கிறோம். ஆகையால் அவன்மீது கோபப்படாதீர்கள். "எத்தனை தடவை சொல்வது?" என்ற வார்த்தை வீட்டில் வரவே வேண்டாம்.

இனிச் செய்ய வேண்டியதைப் பார்ப்போம். முதலில் கொப்பியை மூடி வையுங்கள்.

கவ்வாத்து வெட்டிய மலையிலிருந்து விறகுக்குக் கொண்டுவந்த மிலாறு (வெட்டிய தேயிலைக் கிளைகள்) உங்கள் வீட்டில் இருக்கும். அதில் மெல்லிய குச்சிகளை விரல் நீளத்துக்கு ஒடித்துச் சேருங்கள். ஈர்க்கு இருந்தால் அதுவும் நல்லது. முந்நூறு நானூறு குச்சி வேண்டும். அண்ணன் தங்கைகளையும் சேர்த்துக்கொண்டால் ஒரு மாலைப் பொழுதில் சேர்ந்துவிடும். இஸ்தோப்பில் (வீட்டு முன் திண்ணையில்) உட்கார்ந்து, பத்துப் பத்தாக எண்ணி ரப்பர் பட்டி போட்டுக் கட்டச் சொல்லுங்கள். பத்துக் கட்டுகள் சேர்ந்ததும் அவற்றைச் சேர்த்து ஒரு பெரிய கட்டாகக் கட்ட வேண்டும். கட்டுவது அவனுடைய கையாக இருக்கட்டும். நீங்கள் கட்டிக் கொடுத்தால் பயனில்லை. பத்தைக் கட்டியதும் அது "ஒன்று" ஆகிறது என்பதைக் கைதான் கற்றுக்கொள்கிறது. ஒரு கட்டு ஒரே நேரத்தில் பத்தாகவும் ஒன்றாகவும் இருக்கிறது என்பதில்தான் இடப்பெறுமானம் முழுவதும் அடங்கியிருக்கிறது. பெரியவர்களான நமக்கு அது இயல்பாகிவிட்டதால் அதன் கடினம் நமக்கு மறந்துவிட்டது.

பிறகு தரையில் சோக்கால் மூன்று கட்டம் போடுங்கள். வலப்பக்கம் ஒன்றினிடம், நடுவில் பத்தினிடம், இடப்பக்கம் நூறினிடம். "நூற்று ஐந்து குச்சி வை" என்று சொல்லுங்கள். இடப்பக்கத்தில் பெரிய கட்டு ஒன்று, வலப்பக்கத்தில் தனிக் குச்சி ஐந்து, நடுக்கட்டம் காலி. ஒவ்வொரு கட்டத்தின் கீழும் அதில் எத்தனை இருக்கிறதோ அதை எழுதச் சொல்லுங்கள். நடுக்கட்டத்தின் கீழ் என்ன எழுதுவது என்று அவனே கேட்பான். அந்தக் கேள்வி வரும்வரை காத்திருங்கள். அவன் கேட்டுக் கிடைக்கும் பூச்சியம் அவனுக்கு மறக்காது.

குச்சியில் பிடிபட்ட பிறகு அட்டைக்கு வாருங்கள். 1005 என்று எழுதும் பழக்கத்தை மாற்ற இதைவிடச் சிறந்த உபகரணத்தை நான் பார்த்ததில்லை, செலவும் கிடையாது. சவர்க்காரப் பெட்டி, தேயிலைப் பெட்டி என்று எந்தக் காட்போட்டும் போதும். 1 முதல் 9 வரை ஓரிலக்க அகலத்தில் ஒன்பது அட்டைகள். 10, 20 என்று 90 வரை ஈரிலக்க அகலத்தில் ஒன்பது. 100 முதல் 900 வரை மூவிலக்க அகலத்தில் ஒன்பது. எல்லா இலக்கங்களும் ஒரே அளவில் இருக்க வேண்டும். இப்போது 100 அட்டையை வைத்து, அதன் வலது ஓரத்தோடு 5 அட்டையை மேலே பொருத்துங்கள். கடைசிப் பூச்சியம் மறைந்து 105 தெரியும். 300, 40, 5 மூன்றையும் ஒன்றன்மேல் ஒன்றாக வைத்தால் 345. மேலட்டையைத் தூக்கிப் பார்த்தால் அடியில் 40 முழுதாக இருக்கிறது, அதற்கும் அடியில் 300 முழுதாக இருக்கிறது. "நூறு எங்கேயும் போகவில்லை, உள்ளேதான் இருக்கிறது" என்று பிள்ளை கண்ணால் காண்கிறான். இரண்டு வாரம் தினமும் பத்து நிமிடம் இதை விளையாட்டாகச் செய்தால் போதும் என்பது என் அனுபவம். நீங்கள் எண்ணைச் சொல்லுங்கள், அவன் அடுக்கட்டும். பிறகு அவன் சொல்லட்டும், நீங்கள் அடுக்குங்கள். சில நேரம் வேண்டுமென்றே 5ஐப் பக்கத்தில் வைத்து 1005 ஆக்கிக் காட்டுங்கள். பிள்ளை பாய்ந்து வந்து திருத்துவான்.

தமிழ்ப் பிள்ளைகளுக்கு வரும் தடங்கல் ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். தொண்ணூறு என்னும்போது காதில் "நூறு" விழுகிறது. தொள்ளாயிரம் என்னும்போது "ஆயிரம்" விழுகிறது. எண்பது வரை ஒழுங்காக எழுதும் பிள்ளை தொண்ணூற்று மூன்றை 903 என்று எழுதினால் அது அறியாமை அல்ல. ஒன்பது கட்டுகளை அடுக்கிவிட்டு "எண்பதுக்குப் பிறகு வருவது தொண்ணூறு, அதற்குப் பிறகுதான் நூறு" என்று எண்ணவைத்தால் தெளிந்துவிடும்.

அடுத்தது 340. "பத்தினிடத்தில் என்ன இலக்கம் இருக்கிறது?" என்பதற்கு 4 என்பது சரியான விடை. "340இல் எத்தனை பத்துகள் இருக்கின்றன?" என்பது வேறு கேள்வி, அதற்கு விடை 34. நூறினிடத்துப் பெரிய கட்டுகள் மூன்றையும் அவிழ்த்தால் ஒவ்வொன்றிலும் பத்துச் சிறு கட்டுகள், ஆக முப்பது; ஏற்கெனவே உள்ள நான்கும் சேர்ந்து முப்பத்து நான்கு. மகன் முதல் கேள்விக்கான விடையை இரண்டாவதற்குச் சொல்லியிருக்கிறான். ஆசிரியர்களிலும் சிலர் இரண்டு கேள்விகளையும் ஒரே மாதிரிக் கேட்டுவிட்டுப் பிள்ளைக்குப் பிழை போடுகிறார்கள். இதில் எனக்கு வருத்தம் உண்டு. வினா எதைக் கேட்கிறது என்பது தெளிவாக இருந்தால்தான் பிள்ளையின் விடையைக் குறை சொல்ல முடியும்.

இந்த இடத்தில் காசு உதவும். 340 ரூபாயைப் பத்து ரூபாய்க் குற்றிகளாக மாற்றினால் எத்தனை குற்றி? கடைக்குப் போய்வருகிற பிள்ளை 34 என்று விரைவிலேயே கண்டுபிடிப்பான். ஆனால் குச்சிக்கு முன் காசைக் காட்டாதீர்கள். நூறு குச்சிக் கட்டு பத்துக் குச்சிக் கட்டைவிடப் பத்து மடங்கு பருமன் என்பது கைக்குத் தெரியும். நூறு ரூபாய்த் தாள் ஒரு தாள்தான். அது எத்தனை குற்றிக்குச் சமம் என்று தாளைத் தொட்டுப் பார்த்துத் தெரிந்துகொள்ள முடியாது. அதை ஏற்கெனவே அறிந்த பிள்ளைக்குத்தான் காசு பாடமாகும்.

கொஞ்சம் பெரிய எண்களுக்கு வந்ததும் நம்மைச் சுற்றியுள்ள மலைகளே பயிற்சிக் கணக்குகளாகிவிடும். பிதுருதலாகலவின் உயரம் 2524 மீற்றர். அதில் 2 என்ற இலக்கம் இரண்டு இடத்தில் வருகிறது. முதல் 2இன் பெறுமானம் 2000, மற்றதன் பெறுமானம் 20. முதலாவது இரண்டாவதைப்போல் நூறு மடங்கு. சிவனொளிபாதமலை 2243 மீற்றர். இங்கேயும் இரண்டு 2கள், ஆனால் அடுத்தடுத்து நிற்கின்றன: 2000, 200. எனவே பத்து மடங்குதான். நுவரெலியா நகரம் 1868 மீற்றர் உயரத்தில் இருக்கிறது. அதன் இரண்டு 8களையும் மகனிடமே கேளுங்கள். ஓரிடம் தள்ளினால் பத்து மடங்கு, ஈரிடம் தள்ளினால் நூறு மடங்கு என்பதை அவனாகவே சொல்லிவிடுவான். இரண்டு மலைகளில் எது உயரம் என்பதும் நல்ல கேள்வி. ஆயிரங்கள் இரண்டிலும் சமம். நூறுகளில் 5க்கு எதிரே 2. அங்கேயே தீர்ப்பு ஆகிவிடுகிறது, மற்ற இலக்கங்களைப் பார்க்க வேண்டியதே இல்லை. பிதுருதலாகலவில் எத்தனை பத்து மீற்றர்கள்? 252, மீதி 4 மீற்றர்.

இப்போது பத்தால் பெருக்கல். "பின்னால் ஒரு பூச்சியம் போடு" என்ற சூத்திரத்தை நீங்கள் சொல்லிக்கொடுத்திருப்பீர்கள்; உங்களுக்கும் அப்படித்தான் சொல்லிக்கொடுத்திருப்பார்கள். முழுவெண்களுக்கு அது சரியான விடையைத் தரும். ஆனால் காரணம் தெரியாமல் சூத்திரம் மட்டும் தெரிந்தால், தசமம் படிக்கும் வகுப்பில் 2.5ஐப் பத்தால் பெருக்கி 2.50 என்று எழுதுவான். விடை 25 என்று சொன்னால் நம்பமாட்டான்.

காரணம் குச்சியிலேயே இருக்கிறது. 34 என்பது மூன்று கட்டும் நான்கு தனிக் குச்சியும். அதைப் பத்து மடங்காக்கினால் ஒவ்வொரு தனிக் குச்சியும் ஒரு கட்டாகிறது; ஒவ்வொரு கட்டும் ஒரு பெரிய கட்டாகிறது. ஒன்றினிடத்தில் இருந்த 4 பத்தினிடத்துக்குப் போகிறது, பத்தினிடத்தில் இருந்த 3 நூறினிடத்துக்குப் போகிறது. எல்லா இலக்கங்களும் ஒவ்வோர் இடம் இடப்பக்கம் நகர்ந்துவிட்டன. காலியான ஒன்றினிடத்தைக் காட்டத்தான் பூச்சியம் வருகிறது. "பூச்சியம் சேர்ந்தது" என்று சொல்வதற்குப் பதிலாக "இலக்கங்கள் நகர்ந்தன" என்று சொல்லுங்கள். 2.5இலும் இதே நகர்வுதான்: 2 பத்தினிடத்துக்கும் 5 ஒன்றினிடத்துக்கும் போய் 25 ஆகிறது. ஒரே பேச்சு இரண்டு இடத்துக்கும் பொருந்துகிறது, பிறகு எதையும் அழித்துத் திரும்பச் சொல்லிக்கொடுக்க வேண்டியதில்லை.

30 × 40 போன்றவையும் இப்படியே. மூன்று பத்து, நான்கு பத்து. மூன்று நான்கு பன்னிரண்டு. பத்துப் பத்து நூறு. ஆகவே பன்னிரண்டு நூறு, 1200. பிள்ளைகள் அதிகம் தடுமாறுவது 50 × 40இல்தான். "ஐந்து நான்கு இருபது" என்று சொல்லும்போதே ஒரு பூச்சியம் வந்துவிடுவதால், இன்னும் ஒன்றைப் போட்டால் போதும் என்று நினைத்து 200 என்று எழுதிவிடுவார்கள். பூச்சியங்களை எண்ணச் சொல்லாமல் "இருபது நூறு" என்று வாயால் சொல்லவையுங்கள். இருபது நூறு ரூபாய்த் தாள் எவ்வளவு என்று கேட்டால் இரண்டாயிரம் என்பதில் அவனுக்குச் சந்தேகம் வராது.

பத்தின் மடங்குகளை அடையாளம் காண்பது சுலபம்: ஒன்றினிடத்தில் பூச்சியம் இருக்க வேண்டும், அவ்வளவுதான். காரணமும் இப்போது அவனுக்குத் தெரியும். கட்டு, பெரிய கட்டு எல்லாமே பத்துகளால் ஆனவை. பத்தில் அடங்காமல் வெளியே நிற்கக்கூடியது தனிக் குச்சி மட்டுமே. தனிக் குச்சி இல்லையென்றால் அந்த எண் பத்தின் மடங்கு. 2க்கும் 5க்கும் கடைசி இலக்கத்தை மட்டும் பார்ப்பது இதே காரணத்தால்தான், ஏனென்றால் பத்து இரண்டாலும் ஐந்தாலும் மீதியின்றி வகுபடுகிறது. மூத்த பிள்ளை இருந்தால் ஒன்பதையும் காட்டுங்கள். ஒரு பத்தை ஒன்பதால் வகுத்தால் மீதி ஒன்று, நூறை வகுத்தாலும் மீதி ஒன்று, ஆயிரத்துக்கும் அப்படியே. ஆகவே 2524ஐ ஒன்பதால் வகுத்தால் வரும் மீதியைக் காண இலக்கங்களைக் கூட்டினால் போதும்: 2, 5, 2, 4 சேர்ந்து 13, அதில் ஒன்பது போக 4. இதைக் கண்டு துள்ளிய பிள்ளைகளைப் பார்த்திருக்கிறேன். பாடத்திட்டத்துக்கு வெளியே என்று நினைத்து மறைக்க வேண்டாம்.

பத்தின் மடங்குகள் மனக்கணக்குக்குத் தரும் பலம் பெரிது. நாளொன்றுக்கு 18 கிலோ கொழுந்து என்றால் 25 நாளைக்கு எவ்வளவு? 18ஐ 20 ஆக்கினால் 500. கூடுதலாகச் சேர்த்த இரண்டு கிலோவுக்கு 50ஐக் கழித்தால் 450. கடதாசி தேவையில்லை. கிட்டிய பத்துக்கு மட்டந்தட்டல் என்று பாடப்புத்தகத்தில் வருவதும் இதன் பக்கத்து வீட்டுப் பாடந்தான்: 47 என்பது 40க்கு அருகிலா 50க்கு அருகிலா? நடுவில் நிற்கும் 45ஐ மேலே கொண்டுபோவது வழக்கம் என்று மட்டும் சொல்லிவிடுங்கள்.

கூட்டும்போது பத்து சேர்ந்தால் அடுத்த இடத்துக்குப் போகும் என்பதற்குத் தோட்டத்தில் எல்லோருக்கும் தெரிந்த கணக்கே இருக்கிறது. 2021இல் நாட்சம்பளம் ஆயிரம் ரூபாயானபோது அது 900 அடிப்படைச் சம்பளமும் 100 கொடுப்பனவும் சேர்ந்ததாக இருந்தது. ஒன்பது நூறும் ஒரு நூறும் பத்து நூறு; பத்து நூறு ஓர் ஆயிரம்; நூறினிடம் காலியாகி ஆயிரத்தினிடத்தில் 1 வந்து நிற்கிறது. கழித்தலில் இது தலைகீழாக நடக்கும். ஆயிரம் ரூபாய்த் தாளை நீட்டி 365 ரூபாய்க்குச் சாமான் வாங்கினால், கடைக்காரர் அதை மனதுக்குள் ஒன்பது நூறு, ஒன்பது பத்து, பத்து ஒன்று என்று சில்லறையாக்குகிறார். 1000 − 365இல் பிள்ளைகள் திணறுவது கழிக்கத் தெரியாமல் அல்ல. பூச்சியம் நிற்கும் இடத்தில் எங்கிருந்து கடன் வாங்குவது என்று தெரியாமல்தான். முதலில் சில்லறையாக்கவையுங்கள், பிறகு கழிக்கட்டும்: 635.

இன்னுமொன்று. உங்கள் வீட்டில் இந்தியத் தொலைக்காட்சி ஓடும், இந்தியாவில் அச்சான பயிற்சிப் புத்தகங்களும் இருக்கலாம். அங்கே ஓர் இலட்சத்தை 1,00,000 என்று காற்புள்ளியிட்டு எழுதுவார்கள். நம் பாடசாலைகளில் வலப்பக்கமிருந்து மும்மூன்று இலக்கங்களாகப் பிரித்து 100,000 என்று எழுதுகிறோம்; பத்து இலட்சம் நமக்கு ஒரு மில்லியன், 1,000,000. எண் ஒன்றுதான், காற்புள்ளியின் இடம் மட்டும் வேறு. பெரிய எண்களுக்கு வரும்போது இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதிக் காட்டி, பாடசாலையில் எழுத வேண்டியது எது என்பதையும் சொல்லிவையுங்கள்.